முகாமில் பிறந்த பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு முகாம்களில் வளரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தான். சிலர் அக்கறையில் கேட்பார்கள், சிலர் சந்தேகத்தில். இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பிள்ளைகளின் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

போர் 2009-லேயே முடிந்துவிட்டதே. இன்னுமா முகாம்கள் இருக்கின்றன?

இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 29 மாவட்டங்களில் 108 முகாம்கள். அவற்றில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே சொந்தச் செலவில் இருப்பவர்கள் தனியாக 34,087 பேர். உங்கள் ஊர்ப்பக்கமே ஒன்று இருக்கலாம். கும்மிடிப்பூண்டி, புழல், பவானிசாகர், திருச்சி கொட்டப்பட்டு, மதுரை ஆனையூர், புதுக்கோட்டை லேணா விளக்கு, நெல்லை கங்கைகொண்டான், குமரி பெருமாள்புரம் என்று மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பேருந்தில் அந்த வழியாகப் போயிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

இன்று அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் படகில் வந்தவர்கள் இல்லை. படகில் வந்தது தாத்தா, பாட்டி, இல்லையென்றால் கைக்குழந்தையாக அம்மாவோ அப்பாவோ. இவர்கள் இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் பிறந்தவர்கள். ஒரு குண்டுச் சத்தம்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் காகிதத்தில் அகதிகள்.

எப்போது, எப்படி வந்தார்கள்?

அலை அலையாக வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் முதல் அலை. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வந்தவர்கள் மட்டும் 1,34,000-க்கு மேல். ஒப்பந்தத்தை நம்பி ஒரு பகுதியினர் திரும்பினார்கள். பிறகு மீண்டும் போர். 1989 ஆகஸ்டிலிருந்து 1991 ஏப்ரல் வரை இன்னும் 1,22,000 பேர். 1996-க்குப் பின் ஓர் அலை, 2006-ல் போர் நிறுத்தம் குலைந்த பிறகு கடைசிப் பெரிய அலை. 1983-லிருந்து மொத்தம் 3,04,269 பேர் வந்ததாக அரசுக் கணக்கு.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். பெரும்பாலும் இரவில், மீன்பிடிப் படகில், ஆளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வருவார்கள். கடற்படைக்குப் பயந்து பல படகோட்டிகள் கரைவரை வர மாட்டார்கள். இடையில் இருக்கும் மணல் திட்டில் இறக்கிவிட்டு, “இதுதான் இந்தியா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விடிந்து மீனவர்களோ கடலோரக் காவல்படையோ பார்க்கும்வரை பிள்ளை குட்டிகளோடு அந்தத் திட்டில், தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது வந்தவர்களுக்கும் இதே திட்டுகள்தான்.

கரை சேர்ந்ததும் மண்டபம் முகாம். அந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைக் கப்பலேற்றும் முன் தனிமைப்படுத்தி வைக்க ஆங்கிலேயர் காலத்தில் உருவாக்கிய முகாம் அது. அங்கே நின்று அந்தப் பக்கம் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர், எண்பதுகளில் இந்தப் பக்கம் வந்து அதே இடத்தில் வரிசையில் நின்றார்கள்.

முகாமில் ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது?

பழைய முகாம் வீடு என்றால் 10-க்கு 10 அடி அறை. தார் அட்டைக் கூரை, பின்னால் குடும்பம் பெருகப் பெருகத் தாங்களே இழுத்துக் கட்டிக்கொண்ட ஓலைச் சார்ப்பு. சில இடங்களில் அதுவும் கிடையாது. பழைய கிடங்கு ஒன்றுக்குள் பல குடும்பங்கள், நடுவில் சேலையைக் கட்டி அறை பிரித்துக்கொண்டு இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, அதற்கு அடுத்த வீட்டுச் சண்டை, எல்லாம் அதன் காதில்தான். அதனால்தான் முகாமில் மாலை வகுப்புக்குக் கூட்டம் வருகிறது. நாங்கள் சொல்லித்தரும் கணக்கைவிட, உட்கார்ந்து படிக்க ஒரு வெளிச்சமான இடம் கிடைப்பதுதான் அவர்களுக்குப் பெரிது.

அப்புறம் கணக்கெடுப்பு. மாதாமாதம் குறித்த நாட்களில் அதிகாரிகள் வருவார்கள், குடும்பத்தில் எல்லோரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு வெட்டிவிடுவார்கள் என்ற பயம். பதிவு போனால் உதவித்தொகையும் அரிசியும் போகும், இருப்பதற்கான ஆதாரமே போகும். வெளியூரில் பெயிண்டிங் வேலைக்குப் போன அப்பாவும், விடுதியில் தங்கிப் படிக்கும் அக்காவும் அன்றைக்கு ஓடி வருவார்கள். இப்போது கெடுபிடி முன்னைவிடக் குறைவு. ஆனால் அரசிடம் ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதை முகாம் பிள்ளை மிகச் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்கிறது. வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த வயதில் இது தெரியாது.

எல்லாமே இருட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முகாம் ஒரு நெருக்கமான ஊர். யார் வீட்டில் புட்டு அவித்தாலும் நாலு வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும். வீட்டுக்குள் ‘கதைப்பார்கள்’, பள்ளியில் ‘பேசுவார்கள்’. வாசல் தாண்டும்போது பேச்சு தானாக மாறிக்கொள்ளும். கைப்பந்தும் கிரிக்கெட்டும் மாலை முழுக்க நடக்கும். சிரிப்புக்குக் குறைவில்லை.

பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்களா?

சேர்த்துக்கொள்கிறார்கள். இதைத் தயங்காமல் சொல்லலாம்: உலகில் பல நாடுகளில் அகதிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் அடைத்து வைக்கும்போது, தமிழ்நாடு அவர்களைத் தன் அரசுப் பள்ளிகளிலேயே சேர்த்தது. அதே பாடநூல், அதே சத்துணவு, அதே சீருடை, அதே பொதுத்தேர்வு. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கல்வி என்கிற 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் குடியுரிமை பார்ப்பதில்லை. மொழியும் ஒன்றே. துருக்கிப் பள்ளியில் சேர்ந்த சிரியப் பிள்ளைக்கு முதல் நாளே புது மொழி தலையில் விழுந்தது. இங்கே அந்தச் சுமை இல்லை.

இதில் அகதிகளின் சொந்த முயற்சிக்கும் பெரிய பங்கு உண்டு. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று படிப்பு. முகாமிலேயே படித்தவர்களைப் பிடித்து, முகாம் பிள்ளைகளுக்கே சொல்லித்தர வைத்தார்கள். “மண்ணை விட்டு வந்தோம், வீட்டை விட்டு வந்தோம், படிப்பை விட முடியாது” என்பது யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஏறக்குறைய மதம் மாதிரி. அந்தப் பிடிவாதம்தான் தார் அட்டை வீட்டிலிருந்து பட்டதாரிகளைக் கொண்டுவந்தது.

அப்படியானால் எங்கேதான் பிரச்சினை?

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அடுத்த நாள் தொடங்குகிறது.

எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அகதி மாணவர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கினார்கள். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் தலைகீழானது. உயர்கல்விக் கதவு சாத்தப்பட்டது, தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் வரத் தடை வந்தது, ஊரின் பார்வையே மாறியது. அந்த வருடம் பள்ளி முடித்த பிள்ளைக்கும் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்கத் துணிந்தவர்கள் குறைவு. 1996-க்குப் பிறகுதான் மெல்லத் தளர்ந்தது. இடையில் ஐந்து வருடத்துப் பிள்ளைகள் போனது போனதுதான்.

இன்று கலை, அறிவியல், பாலிடெக்னிக், பொறியியல் எல்லாம் படிக்கலாம். பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம், ஆனால் பொதுப்பிரிவில். முகாம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை என்பதால் இட ஒதுக்கீட்டின் எந்தப் பிரிவிலும் வர முடியாது. பெயிண்டர் மகள், மாநிலத்தின் நல்ல பள்ளிகளில் படித்த பிள்ளைகளோடு அதே வரிசையில் நிற்க வேண்டும். 2021 அறிவிப்பில் பொறியியல் கலந்தாய்வில் தேர்வாகும் முதல் 50 மாணவர்களுக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றார்கள், மற்ற படிப்புகளுக்கான உதவித்தொகையையும் உயர்த்தினார்கள். நல்ல ஏற்பாடு. மருத்துவம் மட்டும் எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் குடியுரிமைக் கட்டம் வந்ததும் கதை நின்றுவிடுகிறது. உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு நர்சிங்கோ ஆய்வகப் படிப்போ எடுத்துக்கொண்ட பிள்ளைகள் ஏறக்குறைய எல்லா முகாமிலும் இருக்கிறார்கள்.

படித்தவர்கள் ஏன் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள்?

போய்ச் சேரும் இடம் அதுவாக இருப்பதால். அரசு வேலை கிடையாது, குடிமகனாக இருக்க வேண்டும். சட்டம் படிக்கலாம், ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. வழக்கறிஞர் சட்டம் அதற்கும் குடியுரிமை கேட்கிறது. தனியார் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வெல்லாம் நன்றாகப் போகும். அடையாள ஆவணம் கேட்கும்போது முகாம் அட்டையை நீட்டினால் ஆள்வளப் பிரிவு விழிக்கும். ஆதார் இருக்கிறது, ஆனால் ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை. கடவுச்சீட்டு இல்லாததால் வெளிநாட்டு வேலை என்ற பேச்சே இல்லை. எல்லா நிறுவனமும் கதவைச் சாத்துவதில்லை, மென்பொருள் வேலையிலும் கணக்கு வேலையிலும் முகாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முகாமில் பத்துப் பட்டதாரிகள் பெயிண்ட் டப்பாவோடு காலை வண்டி ஏறுவதைப் பார்க்கும் பதினொன்றாம் வகுப்புப் பையன் என்ன முடிவெடுப்பான்? “எப்படியும் பெயிண்டிங்தானே சார், இப்பவே போனா நாலு வருஷச் சம்பளம் மிச்சம்” என்கிறான். அவன் கணக்கில் பிழை கண்டுபிடிக்க எனக்கு இதுவரை முடியவில்லை.

இடைநிற்றலுக்கு வறுமையையும் கவனக்குறைவையும் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே பிறந்தால் இந்தியக் குடியுரிமை கிடைத்துவிடாதா?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, இப்போது இல்லை. குடியுரிமைச் சட்டம் பிறந்த தேதியை வைத்து மூன்று காலமாகப் பிரிக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்று கேட்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதை முகாமில் பொருத்திப் பாருங்கள். 1983-க்கும் 1987 ஜூன் முடிவுக்கும் இடையில் மண்டபத்திலோ வேறு முகாமிலோ பிறந்தவர்கள் சட்டப்படி இந்தியர்கள். அவர்களில் பலருக்கே அது தெரியாது. அப்படிப் பிறந்த ஒரு பெண் தனக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்று வழக்குப் போட்டு, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தபோது செய்தித்தாள்களில் படம் வந்தது. அதே முகாமில் 1987 ஜூலையில் பிறந்த இன்னொருவர் அகதி. ஜூன் 30-ஐச் சில வாரம் தாண்டிப் பிறந்ததுதான் வித்தியாசம்.

மூன்றாவது காலம்தான் இன்றைய பிள்ளைகளைப் பிடிக்கிறது. முகாம்காரர் ஒருவர் உள்ளூர்க்காரரைத் திருமணம் செய்துகொண்டால் பிள்ளைக்குக் குடியுரிமை வந்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அது அவ்வளவு எளிதில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் இலங்கையிலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. குண்டுக்குப் பயந்து இரவில் படகேறியவர்கள் கடவுச்சீட்டு எடுத்து, விசா முத்திரை வாங்கிக்கொண்டா வருவார்கள்? ஆனாலும் அப்பாவோ அம்மாவோ அந்தப் பட்டியலில் இருப்பதால், இன்னொருவர் தலைமுறை தலைமுறையாக மதுரைக்காரராக இருந்தாலும் பிள்ளைக்குக் கதவு திறப்பதில்லை. பல ஆண்டுகள் இங்கே வசித்ததைக் காட்டி விண்ணப்பிக்கும் வழியையும் இதே சொல் அடைத்துவிடுகிறது.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்ததே, அது?

2019 சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த, குறிப்பிட்ட ஆறு மதத்தவருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அடுத்து கிறிஸ்தவர்கள். இரண்டு மதமும் அந்தப் பட்டியலில் உண்டு, நாடு மட்டும் இல்லை.

2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை ஒரு சிறிய ஆறுதல். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. குடியுரிமை கொடுக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு முகாமில் இனிப்புக் கொடுத்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது சங்கடமான வேலையாக இருந்தது.

அப்படியென்றால் இவர்கள் இலங்கைக் குடிமக்கள்தானே?

தானாக ஆகிவிடுவதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். இங்கே அது சென்னையிலுள்ள துணைத் தூதரகம். அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று வேண்டும், திருமணச் சான்று வேண்டும். வீடு எரிந்து ஓடி வந்தவரிடம் முதலாவது இருக்காது. முகாமில் மாலை மாற்றிக்கொண்டவரிடம் இரண்டாவது இருக்காது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருக்கும் உறவினருக்குச் சொல்லி, அங்கே பழைய பதிவேட்டைத் தேடி, நகல் எடுத்து அனுப்பச் சொல்லி, மாதக்கணக்கில் நடக்கும். ஏதிலியர் கழகம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. செய்யாமல் விட்ட பிள்ளை இந்தியரும் இல்லை, இலங்கையரும் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், எந்த நாட்டில் இருக்கப் போகிறோம் என்ற முடிவு எதுவானாலும் இந்தப் பதிவை முதலில் செய்துவிட வேண்டும். “அங்கே பதிந்தால் இங்கே குடியுரிமை கேட்க முடியாது” என்று தடுப்பவர்கள் உண்டு. கையில் ஒரு நாடும் இல்லாமல் நிற்பதைவிட ஒன்றாவது இருப்பது நல்லது.

மலையகத் தமிழர் பிள்ளைகள் விஷயம் வேறா?

வேறு, கூடுதலாகச் சிக்கலானதும்கூட. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த கலவரங்களில் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, அங்கே போர் வந்ததும் படகேறி இங்கே வந்தார்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தபோதே அகதியாக வந்தவர்களும் உண்டு. இலங்கை 2003-ல் கொண்டுவந்த சட்டம் நாட்டுக்குள் நிரந்தரமாக இருந்தவர்களுக்கே பொருந்தியது. இந்தியாவிலிருக்கும் அகதிகளுக்காக 2009-ல் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

2019 ஜூனில் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர், கொள்ளுப்பேரன் திருச்சி முகாமில் அகதியாக இருக்கிறான். இதைவிட அபத்தமான வட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

அமைதி வந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே?

போகிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் விரும்பிப் போகிறவர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து, தொடக்கத்துக்குச் சிறு தொகையும் தந்து வந்திருக்கிறது. 2009-க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் போயிருக்கிறார்கள். ஆனால் பெரிய அலையாக இல்லை.

பெரியவர்களுக்குக் காரணம் நிலமும் வேலையும். காணி இராணுவத்திடம் இருக்கும், இல்லையென்றால் வேறொருவர் வீடு கட்டியிருப்பார், இல்லையென்றால் முதலிலேயே காணி கிடையாது. பிள்ளைகளுக்குக் காரணம் வேறு. எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையை இங்கிருந்து எடுத்து அங்கே போட்டால், அங்கே சாதாரணதரப் பரீட்சை, உயர்தரப் பரீட்சை என்று வேறு ஏணி. சிங்களமும் பாடம். இங்கே எடுத்த மதிப்பெண் சான்றுகளுக்குச் சான்றொப்பம் வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த பள்ளியில் ‘இந்தியாக்காரர்’ என்று கூப்பிடுவார்கள். இங்கே ‘சிலோன்காரப் பிள்ளை’ என்ற பெயரைச் சுமந்தது போதாது என்று. அதனால், போவதாக முடிவு செய்தால் பிள்ளை தொடக்கப்பள்ளியில் இருக்கும்போது போய்விடுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் போங்கள் என்பதே நான் பெற்றோரிடம் சொல்வது. நடுவில் பிடுங்காதீர்கள்.

இன்னொன்று. ‘திரும்பி’ என்ற கணக்கு தாத்தாவுக்குச் சரி. கும்மிடிப்பூண்டியில் பிறந்த பிள்ளை எங்கே திரும்பும்?

போரைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் மனக்காயம் இருக்குமா?

2006-க்கும் 2009-க்கும் இடையில் குழந்தையாக வந்தவர்களுக்கு நேரடி நினைவுகள் உண்டு. அவர்கள் இப்போது இருபதுகளில். இங்கே பிறந்தவர்களிடம் வேறு மாதிரி. பாட்டி ஒரு பெயரைச் சொல்லி அழுவாள், யார் அது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா குடிப்பார், ஏன் என்று கேட்கக் கூடாது. பள்ளியில் யாரோ விளையாட்டாக ‘புலி’ என்றால் பையன் கைகலப்புக்குப் போய்விடுவான், வீட்டிலோ அந்தச் சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள். ஆலோசகர்கள் எல்லா முகாமுக்கும் வருவதில்லை. நான் மனநல வல்லுநர் இல்லை, மேலே சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் போரைவிட, முடிவு தெரியாத காத்திருப்புதான் இந்தத் தலைமுறையை அதிகம் அரிக்கிறது என்பது வகுப்பில் உட்கார்ந்தால் தெரிகிறது.

அரசு நிறையச் செய்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரிய பகுதி. திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகளை 2022 செப்டம்பரில் திறந்தார்கள். குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,000-லிருந்து 1,500 ஆனது, குழந்தைக்கு 400-லிருந்து 500. கிலோ 57 பைசாவுக்குக் கொடுத்து வந்த அரிசி இலவசமானது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆனது. கதவு சாத்தக்கூடிய கான்கிரீட் வீடு வந்த முகாமில் பெண் பிள்ளைகள் படிக்கும் நேரமே கூடியிருக்கிறது.

ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. சென்னை செய்யக்கூடியதைச் செய்யலாம், கட்சிகள் தீர்மானம் போடலாம், கையெழுத்து டெல்லியில்தான். அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நாட்டில் இல்லை. எல்லாமே ஆணை, சுற்றறிக்கை, அன்றைய அரசின் மனநிலை.

சிறப்பு முகாம் என்பதும் இதுதானா?

இல்லை. அது வழக்குகளில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் இடம், திருச்சியில் இருப்பது போல. குடும்பங்கள் வாழும் முகாம்களோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் பிறந்தநாளுக்கு முகாமில் சாப்பாடு போடலாமா?

போடலாம், தப்பில்லை. ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துப் போடாதீர்கள். நாளை அதே படத்தை அவர்கள் வகுப்புத் தோழன் பார்ப்பான். சாப்பாட்டைவிடக் கல்லூரி முதல் பருவக் கட்டணம், பேருந்துக் காசு, பழைய மடிக்கணினி இவை பயன்படும். நிறுவனத்தில் ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், முகாம் அட்டையோடு வருபவரை வேலைக்கு எடுக்க முடியுமா என்று உங்கள் சட்டப் பிரிவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்காமலேயே “முடியாது” என்று சொல்லிவிடுகிற இடங்கள்தான் அதிகம்.

நான் ஆசிரியர். என் வகுப்பில் முகாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் காகிதம். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன், பிள்ளையின் பெயர் எழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் பிறப்புச் சான்றிலும் முகாம் அட்டையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உட்கார்ந்து சரிபாருங்கள். முகாம் பதிவேட்டில் ‘கஜன்’, பள்ளியில் ‘கஜேந்திரன்’ என்று இருந்தால், பின்னால் எந்த நாட்டு அலுவலகமும் இருவரையும் ஒரே ஆளாக ஏற்றுக்கொள்ளாது. நாடு என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘இந்தியர்’ என்று எழுதிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் எழுதினாலும், பிறகு பொய்ச் சான்று கொடுத்ததாகப் பிள்ளை மேல்தான் பழி விழும். 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்த அப்பாவோ அம்மாவோ குடிமகனாக இருக்க வாய்ப்பு உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள். குறிப்பாக 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவராக இருந்தால் விடாதீர்கள், பிள்ளைக்கும் அதில் வழி இருக்கலாம். மாற்றுச் சான்றிதழின் நகல் இரண்டை வீட்டில் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், வகுப்பில் எல்லோர் முன்னாலும் “முகாம் பிள்ளைகள் எழுந்திருங்க” என்று சொல்லாதீர்கள். உதவித்தொகைப் படிவம் கொடுக்க வேண்டுமென்றால் பெயர் சொல்லி, தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள்.